மூலப் பத்திரம் இருக்கா சார்?

நிலம் வாங்கப் போகிறீர்கள். புரோக்கர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறார். "பத்தடி தோண்டினா தண்ணி சார்... எதிர்க்க காலேஜ் வரப் போவுது... பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம்..." எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு கூடவே நடக்கும் உங்கள் மாமனார், கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "மூலப் பத்திரம் இருக்கா?"

புரோக்கரின் சுருதி அங்கேதான் இரண்டு கட்டை இறங்கும்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இந்த மாதிரி மாமனார்கள் உண்டு. கம்பைலர் எழுதுகிறவர்கள் என்று பெயர். புதுசாக ஒரு சிப் வந்திருக்கிறது, வேகம் அபாரம், விலை மலிவு, கரண்ட்டே சாப்பிடாது என்று கம்பெனிக்காரர் எவ்வளவு அளந்தாலும் இவர்கள் கேட்பது ஒன்றுதான். "மேனுவல் இருக்கா?"

இந்த வாரம் அந்த மேனுவலைப் பற்றி. "ஐயோ, டெக்னிக்கல் சமாசாரம்" என்று பயந்து சினிமாப் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். அடியேன் வெறும் பி.காம். டெபிட், கிரெடிட் புரிந்தவர்களுக்கு இதுவும் புரியும். சத்தியம்.

* * *

முதலில் கம்பைலர் என்றால் என்ன?

நாம் எழுதுகிற புரோகிராம் ஓரளவு மனுஷ பாஷையில் இருக்கும். 'சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் போக மீதியைக் கணக்கிடு' என்கிற தினுசில். ப்ராசஸர் எனப்படும் சிப்புக்கு இதெல்லாம் புரியாது. அதற்குத் தெரிந்தது நம்பர்கள் மட்டும். இந்த நம்பர் வந்தால் கூட்டு, அந்த நம்பர் வந்தால் கழி, இன்னொன்று வந்தால் வேறு இடத்துக்குத் தாவு. நடுவே உட்கார்ந்து, நாம் எழுதினதை அந்த நம்பர்களாக மாற்றித் தருகிற துபாஷிதான் கம்பைலர்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் நம்பர் பாஷை வேறு வேறு. உதாரணத்துக்கு 144 என்ற நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் இன்டெல் வெளியிட்ட 8086 சிப்பிடம் 144 என்று சொன்னால், 'சும்மா இரு' என்று அர்த்தம். ஒன்றும் செய்யாது, அடுத்த உத்தரவுக்குப் போய்விடும். அதே 144-ஐ இஸட்80 சிப்பிடம் சொன்னால் கணக்கிலிருந்து ஒரு தொகையைக் கழித்துவிடும். 6502 என்ற சிப்பிடம் சொன்னால், போன கணக்கில் 'கையில் ஒண்ணு' மிஞ்சாத பட்சத்தில் வேறு இடத்துக்குத் தாவும்.

ஒரே நம்பர். ஒன்று சும்மா இருக்கிறது, ஒன்று கழிக்கிறது, ஒன்று தாவுகிறது. ஒரே சர்க்குலரை மூன்று செக்‌ஷன்களுக்கு அனுப்பினால் நடக்கிற மாதிரியேதான்.

எந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று சிப்பின் முதுகில் எழுதியிருக்காது. கறுப்பாக, சதுரமாக, நிறையக் கால்களோடு தேமே என்று இருக்கும். செய்தவன் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொன்னதை அச்சடித்தால் அதுதான் மேனுவல்.

* * *

கம்பைலர்களில் பெரிய குடும்பஸ்தன் என்று ஜிசிசியைச் சொல்லலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1987-ல் முதலில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். பிறந்தபோது அதற்குத் தெரிந்த சிப் பாஷைகள் இரண்டு. டிஜிட்டல் கம்பெனியின் வாக்ஸ், மோட்டரோலாவின் 68020. இன்றைக்கு நாற்பதுக்கு மேல். உங்கள் சட்டைப் பாக்கெட்டில் இருக்கும் செல்போனின் ஆர்ம், ஆபீஸ் மேஜை மேல் இருக்கும் பி.சி.யின் இன்டெல், பாங்குகள் நம்பியிருக்கும் ஐ.பி.எம். மெயின்ஃபிரேம், காலேஜ் பையன்கள் ப்ராஜெக்ட் செய்கிற அர்டுயினோ போர்டில் இருக்கும் ஏவிஆர். 1970-ல் வந்த பிடிபி-11 கூட இன்னும் பட்டியலில் உண்டு. சீனியாரிட்டியைப் பாருங்கள்!

இந்த நாற்பது சொச்சம் குடும்பங்களுக்கும் ஜிசிசிக்குள் தனித்தனிப் பேரேடு இருக்கிறது. 'மெஷின் டிஸ்கிரிப்ஷன்' என்று பெயர். இந்தச் சிப்பில் கூட்டல் இப்படி, கழித்தல் இப்படி, தாவுவது இப்படி என்று ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு பதிவு. காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷமே ஒரு பால பாடம் சொல்லித் தருவார்கள். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே. இங்கே வவுச்சர், மேனுவல்.

அதனால்தான் கம்பைலர் எழுதுகிறவர்கள் இன்னொரு பட்டியலும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இடது பக்கம் சிப் குடும்பத்தின் பெயர். எதிரே தயாரித்தவர் யார், மேனுவல் எங்கே கிடைக்கும் என்ற விவரம். பார்ப்பதற்கு டெஸ்பாட்ச் ரெஜிஸ்டர் மாதிரி சப்பென்று இருக்கும். ஆனால் அதைச் சரியாக வைத்திருப்பதற்குள் பிராணன் போய்விடும். ஏன் என்று சொல்கிறேன்.

* * *

முதலாவது, அளவு. இன்டெல்லின் இப்போதைய மேனுவல் எல்லா பாகமும் சேர்த்து ஐயாயிரம் பக்கத்துக்கு மேல். ஆர்ம் மேனுவல் பத்தாயிரம் பக்கத்தைத் தாண்டிவிட்டது. அச்சடித்து அடுக்கினால் அதன் மேல் ஏறிப் பரண் துடைக்கலாம்.

இரண்டாவது, அந்தப் பக்கங்களில் எது முக்கியம் என்று முன்கூட்டியே தெரியாது. மிப்ஸ் என்று ஒரு சிப் குடும்பம். அதில் ஒரு விசித்திரம். 'அங்கே தாவு' என்று உத்தரவு போட்டால் உடனே தாவாது. அடுத்து இருக்கும் உத்தரவையும் நிறைவேற்றிவிட்டுத்தான் தாவும். டவுன் பஸ் மாதிரி. கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் ஒருத்தர் ஓடி வந்து தொற்றிக்கொள்வாரே, அது. அந்த ஒரு ஸீட்டை வீணாக்காமல் உருப்படியான வேலையைப் பிடித்து உட்கார வைப்பதற்கென்றே ஜிசிசிக்குள் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. மேனுவலில் இதைச் சொல்லும் பக்கத்தைப் படிக்காமல் கம்பைலர் எழுதியவரின் கதி? புரோகிராம் ஓடும். விடைதான் தப்பாக வரும்.

மூன்றாவது, சிப் மேனுவலில் இல்லாத சங்கதி. ஒரு புரோகிராமின் ஒரு பகுதி, இன்னொரு பகுதியைக் கூப்பிட்டு வேலை சொல்லும்போது விவரங்களை எந்த இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும்? இது சிப்பின் விதி அல்ல, ஆபீஸ் சம்பிரதாயம். லினக்ஸ் ஆபீஸில் முதல் ஆறு எண்களைச் சிப்பின் உள் டிராயரிலேயே வைத்துவிடலாம். விண்டோஸ் ஆபீஸில் நாலுதான், ஐந்தாவது வெளியே. சிப் ஒன்றேதான்! சம்பிரதாயம் வேறு. ஏபிஐ என்ற தனி டாக்குமென்டில் இது இருக்கும். மேனுவலை மட்டும் வாங்கிக்கொண்டு இதை விட்டுவிட்டால், கிழக்கே பார்த்த வாசல் என்று எழுதி வாங்கிவிட்டு, வாசலுக்குப் போகப் பாதை இருக்கிறதா என்று பார்க்காத கதைதான்.

* * *

மாமனார் அடுத்துக் கேட்பது வில்லங்கச் சான்று. சிப்புக்கும் வில்லங்கம் உண்டு. எரேட்டா என்பார்கள். 'நாங்கள் மேனுவலில் சொன்னபடி இந்த இந்த இடங்களில் சிப் நடந்துகொள்ளாது' என்று கம்பெனியே கொடுக்கும் பட்டியல்.

1994-ல் பென்டியம் சிப்புக்கு நடந்தது நினைவிருக்கலாம். வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, தன் கணக்கு உதைப்பதைக் கவனித்து விசாரித்துக்கொண்டே போனார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பென்டியம் 1.33374 என்றது. வகுத்தலுக்காகச் சிப்புக்குள் வைத்திருந்த வாய்பாட்டில் சில கட்டங்கள் விட்டுப்போயிருந்தன. முதலில் 'சாதாரண ஜனங்களுக்கு இதனால் பாதிப்பில்லை' என்கிற பாணியில் சமாளித்துப் பார்த்த இன்டெல், கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்காகக் கணக்கில் எழுதிய தொகை 47.5 கோடி டாலர். நாலாவது தசமத்தில் பிழை வந்தால் என்ன ஆகும் என்று இனிமேல் ஆடிட்டரிடம் அலட்சியமாகக் கேட்காதீர்கள்.

விற்றுப்போன சிப்பையெல்லாம் திரும்ப வாங்குவது எப்போதும் நடக்கிற காரியமல்ல. பெரும்பாலும் பழி கம்பைலர் தலையில்தான் விழும். 'அந்த இடத்தில் குழி இருக்கிறது, சுற்றிக்கொண்டு போ' என்று துபாஷிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மிப்ஸ் ஆர்4000 சிப்பின் பிழைகளைத் தவிர்க்க ஜிசிசியில் தனி ஸ்விட்ச் இருக்கிறது. மலிவு விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் வந்த ஆர்ம் கோர்டெக்ஸ் ஏ53-க்கும் உண்டு. அதன் எரேட்டா பட்டியலில் 835769 என்று ஒரு உருப்படி. ஞாபக அறையைத் தொட்டுவிட்டு உடனே ஒருவிதமான பெருக்கிக் கூட்டும் வேலையைச் செய்தால், சில சமயம் விடை தப்பாக வரலாம்.

பரிகாரம் என்ன தெரியுமா? கம்பைலர் அந்த இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவில் ஒரு 'சும்மா இரு'வைச் செருகிவிடுகிறது. அவ்வளவுதான். பெரியவர்கள் காலங்காலமாகச் சொன்ன உபதேசம், கடைசியில் செல்போனில் வேலைக்கு ஆனது. ஆனால் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதை அந்த எரேட்டா தாளைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

* * *

சரி, எல்லா கம்பெனிகளும் சொல்லிவிடுகின்றனவா என்றால், அதுதான் இல்லை.

1993-ல் பென்டியத்தின் மேனுவல் வந்தது. பல இடங்களில் 'விவரங்களுக்கு அனுபந்தம் எச் பார்க்கவும்' என்று இருந்தது. ஆவலோடு அனுபந்தத்தைத் திறந்தால், 'இந்த விவரங்கள் ரகசியம், இன்டெல்லைத் தொடர்புகொள்ளவும்' என்ற ரீதியில் கையை விரித்தது. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி. சும்மா இருப்பார்களா ஆர்வலர்கள்? சிப்பைத் தட்டித் தட்டிப் பார்த்து, இந்த உத்தரவு போட்டால் என்ன செய்கிறது, அந்த உத்தரவு போட்டால் என்ன செய்கிறது என்று பலதையும் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். பிற்பாடு இன்டெல்லும் அந்த விவரங்களைத் தன் அடுத்த சிப்பின் மேனுவலில் வெளியிட்டது.

இதே இன்டெல் ஒரு காலத்தில், கேட்டவர்களுக்குத் தடித்தடியான மேனுவல்களைக் காசு வாங்காமல் தபாலில் அனுப்பிவைத்ததும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனிக்கும் மூடு மாறும், மனுஷனுக்கு மாறுகிற மாதிரி.

மூடு மாறினால் பரவாயில்லை, கம்பெனியே மாறிவிட்டால்? வாக்ஸ் செய்த டிஜிட்டலை 1998-ல் காம்பாக் வாங்கியது. காம்பாக்கை 2002-ல் எச்.பி. இணைத்துக்கொண்டது. எச்.பி. 2015-ல் இரண்டாகப் பாகப்பிரிவினை செய்துகொண்டது. 68020-ஐச் செய்த மோட்டரோலா, 2004-ல் சிப் வியாபாரத்தை ஃப்ரீஸ்கேல் என்று தனிக்குடித்தனம் வைத்தது. ஃப்ரீஸ்கேலை 2015-ல் என்.எக்ஸ்.பி. வாங்கிவிட்டது. ஜப்பானில் ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்.ஈ.சி. என்று மூன்று பேர் தனித்தனியே செய்த சிப்கள் இன்று ரெனசாஸ் என்ற ஒரே கூரையின் கீழ். ஏவிஆர் செய்த ஆட்மெல் 2016-ல் மைக்ரோசிப் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது.

ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு பாகப்பிரிவினையிலும் முதலில் தொலைவது பரணில் இருக்கும் பழைய பெட்டிதான். பழைய கம்பெனியின் முகவரியில் இருந்த மேனுவல் புது முகவரிக்குப் போகாது. புதிய பதிப்பில் பழைய மாடலின் பக்கங்கள் இருக்காது. பட்டியல் வைத்திருப்பவர் பாவம், வருஷா வருஷம் விலாசம் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

* * *

ரெக்கார்டு செக்‌ஷனில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆன நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மனுஷர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"என்னப்பா இது? பழைய மிஷினைத் தூக்கிக் கடாசிட்டு புதுசு வாங்கிட்டுப் போறான். பொஸ்தகத்தை வச்சிக்கிட்டு என்ன பூஜை பண்ணப் போறே?"

"தூக்கிக் கடாச முடியாத இடத்துல மிஷின் இருந்தா சார்?"

"அப்படி எங்கய்யா இருக்கு?"

இருக்கிறது. 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். 1977-ல் நாசா அனுப்பிய வாயேஜர் 1, 2023 நவம்பரில் திடீரென்று உளற ஆரம்பித்தது. செய்தி வருகிறது; அர்த்தம் இல்லை. இங்கிருந்து ஒரு உத்தரவு போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. அந்தக் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர்கள் பல பத்து வருஷங்களுக்கு முன் எழுதிவைத்த காகிதங்களைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டியிருந்தது என்று நாசாவே சொன்னது. ஞாபகப் பகுதியில் ஒரு சிப் செத்துப்போனதைக் கண்டுபிடித்து, அதில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் மறுபடியும் பேசவைத்தார்கள். அந்தக் காகிதத்தை யாராவது 1985-ல் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருந்தால்?

பூமியிலும் உண்டு. கனடாவில் அணுமின் நிலைய வேலைக்கான ரோபோக்களை இயக்கும் பிடிபி-11 கம்ப்யூட்டர்களுக்குப் புரோகிராமர் தேடுகிறார்கள் என்று 2013-ல் ஒரு செய்தி வந்தது. அந்த மிஷின்களை 2050 வரை ஓட்டுவதாக உத்தேசமாம். 1970-ல் வந்த மாடல், எண்பது வருஷ சர்வீஸ்! நம் ஆபீஸில் எக்ஸ்டென்ஷன் கேட்பவர்கள் கவனிக்க.

அப்புறம் 68000 குடும்பத்தின் கதை. 2019-ல் ஜிசிசி தன் உள்ளமைப்பில் ஒரு பழைய ஏற்பாட்டை ஒழிக்க முடிவெடுத்தது. அந்த ஏற்பாட்டிலேயே தங்கிவிட்ட சிப் குடும்பங்களை யாராவது புது முறைக்கு மாற்றித் தராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் அடிபடும். கெடு வைத்துவிட்டார்கள். 68000 என்றால் 1980-களின் பழைய மாக்கிண்டாஷ், அமிகா கம்ப்யூட்டர்களில் இருந்தது. அதன் ரசிகர்கள் கைக்காசு போட்டு வசூல் செய்து அந்த வேலையை முடித்துக்கொடுத்தார்கள். வாக்ஸும் அதே மாதிரி தப்பித்தது. இதில் கவனிக்க வேண்டியது, கம்பெனி போய்ப் பல வருஷம் ஆன சிப்புக்கு வேலை செய்ய முன்வந்தவர்கள் கையில் எதை வைத்துக்கொண்டு செய்தார்கள் என்பது. மேனுவல் பத்திரமாக இருந்தது. யாரோ ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். பிட்சேவர்ஸ் என்ற பெயரில் இப்படிப் பழைய கம்ப்யூட்டர்க் காகிதங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்த்துவைத்திருக்கும் ஒரு பெரிய களஞ்சியமே இருக்கிறது.

நண்பர் காபியைக் குடித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னார்: "ஃபைலைத் தொலைச்சவன் என்னிக்கும் மாட்டறதில்லப்பா. அவனுக்கப்புறம் அந்த ஸீட்டுக்கு வர்றான் பாரு, அவன்தான் அலையறான்."

முப்பது வருஷ சர்வீஸ் பேசுகிறது!

* * *

இதெல்லாம் அமெரிக்கா, ஜப்பான் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்கிறவர்களுக்கு, கிண்டியிலிருந்து ஒரு தகவல்.

ஆர்ம் மேனுவலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் அதைப் படித்துவிட்டு நீங்களே ஒரு ஆர்ம் சிப் செய்து விற்க முடியாது. லைசென்ஸ் வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். பத்திரத்தைப் படிக்க விடுவது வேறு, பட்டாவை மாற்றித் தருவது வேறு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் இந்த வழக்கத்தை உடைத்தது. அது சிப் அல்ல, மேனுவல்! இந்த நம்பருக்கு இந்த அர்த்தம் என்ற ஒப்பந்தம். யாரும் படிக்கலாம், அச்சடிக்கலாம், அதன்படி சிப் செய்யலாம். ராயல்டி கிடையாது. 2017-ல் வெளிவந்த ஏழாவது பதிப்பிலிருந்து ஜிசிசிக்கு இந்தப் பாஷை தெரியும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி தலைமையில் வளர்ந்த 'சக்தி' ப்ராசஸர் இந்த மேனுவலின்படி செய்யப்பட்டதுதான். 2018-ல் 'ரிமோ' என்ற சக்தி சிப்பைச் சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் தயாரித்தார்கள். கம்பைலருக்கு எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. ஜிசிசி தயாராக இருந்தது. ஊர்ப்பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது மாதிரி.

அதே சண்டிகரில் தயாரான இன்னொரு சிப், இஸ்ரோவின் விக்ரம் 3201. ராக்கெட்டுக்காக ஆனது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம் வடிவமைத்தது. அதற்கு நம்பர் பாஷை சொந்தம். வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் ஏடா மொழிக்கான கம்பைலர், மற்றும் கூடவே வேண்டிய எல்லா சாப்ட்வேர் கருவிகளையும் இஸ்ரோவே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. சி மொழிக்கான கம்பைலர் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று 2025 மார்ச்சில் சிப்பை அறிவித்தபோது சொன்னார்கள். ராக்கெட் காரியத்துக்குச் சொந்தப் பாஷை வைத்துக்கொள்வது அவர்கள் தேவை. குறை சொல்ல நாம் யார்? ஆனால் கணக்கைப் பாருங்கள். சொந்த மேனுவல் என்றால் சமையல், பரிமாறல், பாத்திரம் கழுவல் எல்லாம் நாமே. பொது மேனுவல் என்றால் பந்தியில் உட்கார்ந்தால் போதும். ஒரு நாடு சிப் செய்கிறதா என்று பார்க்கிறோம். அந்த மேனுவல் யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

* * *

ஜிசிசி பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் எம்மிக்ஸ். டொனால்ட் நூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகத் தன் புத்தகத்துக்குள்ளேயே கற்பனையாக உருவாக்கிய ப்ராசஸர். காகிதத்தில்தான் பிறந்தது. கடையில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். ஆனாலும் ஜிசிசி அதற்கு கம்பைல் செய்து கொடுக்கும்! காரணம், உத்தரவு ஒன்று விடாமல் நூத் எழுதிவைத்துவிட்டார். பேசாத கம்பெனிகள் செய்த நிஜச் சிப்கள் எத்தனையோ ஊமையாகக் கிடக்க, இல்லாத சிப் பேசுகிறது.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற இளைஞர்களுக்கு நாலு யோசனை. உங்கள் மிஷினில் இருக்கும் சிப்பின் மேனுவலை இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், 'எப்பவும் கிடைக்கும்' என்று நம்பாதீர்கள். ஃபைலின் பெயரில் டாக்குமென்ட் நம்பர், எத்தனாவது திருத்தம், தேதி மூன்றையும் எழுதுங்கள். 'புதுசு', 'ரொம்பப் புதுசு' என்று பெயர் வைப்பதில் பிரயோஜனமில்லை. எரேட்டாவையும் ஏபிஐயையும் கூடவே வையுங்கள். புதிய திருத்தம் வந்தால் பழையதை அழிக்காதீர்கள்; உங்கள் சிப் பழசாயிற்றே!

மறுநாள் நண்பர் போன் செய்தார். "நீ சொன்னதுல ஒரு சந்தேகம்பா. எங்க ஆபீஸ்ல ஜெராக்ஸ் மிஷின் வாங்கினப்போ தடியா ஒரு மேனுவல் குடுத்தான். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அது எங்கே போச்சுன்னு ராத்திரி பூரா யோசிச்சேன்."

"கிடைச்சுதா சார்?"

"பதினெட்டு வருஷமா ஹெட்கிளார்க் மேஜை ஆடாம நிக்குதே, எதனாலங்கறே?"